அங்கப்பன் கவிழ்த்துப் போட்ட அச்சு

கோயமுத்தூர் கணபதியில் எந்தச் சந்துக்குள் நுழைந்து, அங்கப்பனுக்கு என்ன தெரியும் என்று யாரைக் கேட்டாலும், "அவருக்கு எல்லாந் தெரியுமுங்க" என்றுதான் சொல்வார்கள். கேட்டவர் தலை மறைந்ததும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது அவன் மனைவி மயிலாத்தாளுக்குத் தெரியும். அங்கப்பனுக்கு மட்டும் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் மண்டையில் அது ஒன்றுக்கு இடமில்லை.

சுமை ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்றைத் தன் வண்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மையில் அது மயிலாத்தாளின் அப்பா கொடுத்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழை போட்டுக்கொண்டிருந்த மனிதர், மாப்பிள்ளை ஒரு தொழில் செய்து பிழைக்கட்டும் என்று கல்யாணச் சீரோடு சேர்த்து வாங்கிக் கொடுத்தார். அப்போதே இரண்டு கை மாறிய வண்டிதான். ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். சாவியைத் திருப்பினால் கிளம்பும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். ஒரு வண்டியிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? அங்கப்பன் கேட்டான்.

முதலில் பெட்ரோல் இஞ்சினைப் பிடுங்கிவிட்டு டீசல் இஞ்சின் ஒன்றை வைத்தான். அது அந்த இடத்தில் உட்காரவில்லை என்று உள்பக்கத் தகரத்தை வெட்டினான். வெட்டிய ஓட்டை வழியாக வெக்கை ஏறி ஓட்டுகிறவன் கால் வெந்தது. அதற்கு ஒரு மின்விசிறி. மின்விசிறி பாட்டரியைத் தின்றது. பெரிய பாட்டரி வைப்பதற்காக சீட்டை உயர்த்தினான். சீட்டு உயர்ந்ததும் தலை கூரையில் இடித்தது. குரங்கு கையில் சிக்கிய பூமாலையாவது ஒரே தடவையில் பிய்ந்து தொலையும். இந்த வண்டி வருஷா வருஷம் பிய்ந்தது. பம்ப்செட் வார்ப்படங்களை ஏற்றிக்கொண்டு பீளமேட்டுக்குப் போய்வரும் வண்டிக்கு, பின்னால் எடுத்தால் பாட்டுப் பாடுகிற ஹாரன் எதற்கு என்று மயிலாத்தாள் ஒரு தடவை கேட்டாள்.

"உனக்கென்ன புள்ள தெரியும், டெக்னிக்கல்" என்றான். அந்தத் துறையில் அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

ஆனால் வெளியே அவள் புருஷனை விட்டுக்கொடுத்தவள் இல்லை. வண்டி வழியில் படுத்துக்கொண்டு, நல்லது கெட்டதுக்கு நேரம் கழித்துப் போய் இறங்கும் போதெல்லாம், வேலை அதிகம் என்று அவளே முந்திக்கொள்வாள். "அவருக்கு வேலை எச்சாங்க. லோடு ஏத்தி உட்டுப்போட்டுத்தான் வர முடிஞ்சுது" என்பாள். கேட்டவர்களும், "ஆமா கண்ணு, தொழிலுன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். உள்ளுக்குள் அவனை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே வாங்க, போங்க, சாப்பிடுங்க. பன்னிரண்டு வருஷக் குடித்தனம் இப்படியே ஓடிவிட்டது.

இந்த நிலைமையில்தான் தம்பி சரவணனுக்குப் பெண் அமைந்தது.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் அம்மா சுப்பாத்தாளும் சரவணனும் மட்டும்தான். மயிலாத்தாள் அவனுக்கு ஒரே அக்கா. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மணப்பெண்ணுக்கான கூறைச்சேலை வைத்த கூடையைத் தலையில் சுமந்து வந்து, தம்பிக்கு இணையாக மணையில் உட்கார வேண்டும். சேலையின் ஒரு முனை அவனிடம் இருக்கும், மறு முனை இவளிடம் இருக்கும். உனக்குக் கல்யாணமானாலும் இந்த வீட்டில் என் இடம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்வதற்கு அவளுக்கு இருப்பது அந்த ஒரு சடங்குதான். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் நேரத்துக்கு வந்து சேராவிட்டால், பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்து முடித்துவிடுவார்கள். சடங்கு நடத்தும் பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் யாருக்காகவும் காத்திருக்கிற ஆள் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கே இவர்கள் பந்தி பாதி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். அதுவும் எப்படி? தோட்டத்துத் தடத்தில் வண்டியின் சைலன்சர் தரையில் இழுபட்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு. வாசலில், மயிலாத்தாள் சின்னம்மா என்று கூப்பிடும் சித்தப்பா மனைவியின் மருமகன் நின்றிருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பக்கத்திலேயே அவருடைய புது மாருதி கார் நின்றது. தடத்தில் விழுந்த கோட்டைப் பார்த்தார், அங்கப்பனைப் பார்த்தார், வெகு மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க சகல, இந்தப் பக்கம் உழவு ஓட்டிப்போட்டீங்க. அந்தப் பக்கம் எப்பங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கொங்கு நாட்டில் விருந்தாளி முகத்துக்கு நேராகச் சிரிக்க மாட்டார்கள். சின்னம்மா மட்டும் மயிலாத்தாளைத் தனியே கூட்டிப்போய், தலையைத் தடவி, "இணைச்சீருக்கும் இப்படி நேரமாச்சுன்னா நீ ஒண்ணும் வெசனப்படாத கண்ணு. நம்ம சண்முகப்பிரியா இருக்கறாளல்லோ, அவ உக்காந்துக்குவா" என்றாள். சண்முகப்பிரியா என்பவள் அந்த மாருதிக்காரரின் மனைவி. சின்னம்மா மகள். பாசம் வழிய வழிய வைக்கிற இந்த மாதிரி ஆப்புகளை மயிலாத்தாள் அறியாதவளா? அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கப்பன் நன்றாகச் சாப்பிட்டான். அவனைச் சுட்டது அந்த உழவுப் பேச்சு மட்டும்தான். ஊர் திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டான், வண்டியை அரை அடி தூக்கிவிடுவதென்று.

"கல்யாணம் முடியட்டுமுங்க. அப்பறமா நீங்க அதை மேகத்துக்கே தூக்குங்க" என்றாள் மயிலாத்தாள்.

"கல்யாணத்துக்குத்தான் புள்ள தூக்கறதே. ஒறம்பரை சனம் பூராத்தும் பாக்கோணும்."

வண்டியைத் தூக்குவது ஒன்றும் மந்திரமில்லை. அந்தப் பழைய பிக்கப்பில் சக்கரங்களைத் தாங்கும் பின்அச்சு, வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பட்டைகளை அச்சுக்கு மேலே கொண்டுபோய்விட்டால் வண்டியின் உடம்பு தானாக உயர்ந்துவிடும். அதற்கு, பட்டை உட்காரும் தட்டுகளை அச்சின் மேல்பக்கத்தில் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். நாலு நாள் வேலை. அங்கப்பன் அச்சைக் கழற்றிக் கீழே போட்டு, அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். பிறகு தொடையைத் தட்டினான். தட்டுகள் அடிப்பக்கம்தானே இருக்கின்றன? அச்சையே குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் அவை மேலே வந்துவிடுமே! நாலு நாள் வேலையை அரை நாளில் முடித்துவிட்டதாக அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இருக்கிற மெக்கானிக்குகளெல்லாம் மடையர்கள், இந்தச் சின்ன விஷயம் ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று இரக்கப்பட்டான்.

பக்கத்து லேத் பட்டறை வரதராஜுலு தேநீர் கிளாஸோடு வந்து பார்த்தார். இந்த வரதராஜுலு ஒரு காலத்தில், இஞ்சின் மாற்றியபோது, வலியப் போய் ஒரு யோசனை சொன்னவர். "லேத்து வேலை உங்குளுது, வண்டி வேலை எங்குளுதுங்க" என்று அங்கப்பன் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் அவனிடம் ஆமாங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதில்லை. இப்போது குனிந்து கவிழ்ந்து கிடந்த அச்சைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு ஒரு வாய் தேநீர் குடித்தார்.

"எப்படிங்க நம்ம ஐடியா?" என்றான் அங்கப்பன்.

"கவுண்டருக்குத் தெரியாததுங்களா" என்றார் வரதராஜுலு.

மாட்டிய மறுநாளே அச்சின் நடு உருண்டையில் இருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கியது. மயிலாத்தாள் கேட்டதற்கு, பழைய எண்ணெய் வடிந்தால் நல்லதுதான் என்றான். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வரதராஜுலு தன் பட்டறை வாசலில் நிற்கும் நேரம் பார்த்துப் போய்க் கேட்டாள்.

"ஏனுங்க, அவரு மாட்டியிருக்கறது சரிதானுங்களா? கல்யாணத்துக்குப் போகோணுமுங்க. கூடப்பொறந்தவனுக்கு இணைச்சீருங்க."

"நல்ல ஒசரமா இருக்குதுங்க அம்மணி" என்றார். அந்த மனிதருடைய உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும், இதற்கு மேல் துருவிக் கேட்டால் புருஷனை நம்பாதவள் என்று ஆகிவிடுமே என்று திரும்பி வந்துவிட்டாள்.

புறப்படும் நாள் காலையில்தான் சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஓட்டிப் பார்க்கலாமே என்றால், தான் செய்த வேலையைச் சந்தேகப்படுவதா என்று கேட்டான். அவர்கள் மகனை முந்தின வாரமே மயிலாத்தாளின் அம்மா வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. தம்பிக்குச் சீராகக் கொடுக்க வாங்கிய இரும்பு பீரோவைப் பின்னால் ஏற்றிக் கட்டினார்கள். மயிலாத்தாள் பட்டுச்சேலையில் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. அங்கப்பன் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் கியரைப் போட்டான்.

வண்டி பின்னால் போனது. போய், வரதராஜுலு பட்டறையின் தண்ணீர்த் தொட்டியை இடித்து நின்றது.

கியர் தவறி விழுந்திருக்கும் என்று மறுபடி போட்டான். மறுபடியும் தொட்டி. இரண்டாவது கியரைப் போட்டான், பின்னால்தான் போனது. மூன்றாவதைப் போட்டான், இன்னும் வேகமாகப் பின்னால் போகப் பார்த்தது. கடைசியில் ரிவர்ஸ் கியரைப் போட்டான். பாட்டுப் பாடும் ஹாரன் பாட, வண்டி அழகாக முன்னால் நகர்ந்தது.

தெருவில் இருந்த ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. எல்லோரும் பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கப்பன் இறங்கி, கியர் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று அதைப் பிரிக்க உட்கார்ந்தான். உச்சிப்பொழுது வரைக்கும் பிரித்தான். அதில் ஒரு குறையும் இல்லை. அது பாவம், யார் என்ன செய்தாலும் தன் வேலையைச் செய்கிற சாமான். அப்போதுதான் வரதராஜுலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"அச்சைக் கவுத்து மாட்டினா, உள்ளார பல்சக்கரம் இந்தப் பக்கத்துலிருந்து அந்தப் பக்கம் போயிருமுங்க. அப்ப சக்கரம் எதிர்ப்பக்கந்தானுங்க சுத்தும்."

மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோங்க? நான் வந்து கேட்டனே!"

"நீங்க கேட்டீங்க அம்மணி. அவரு கேக்கலீங்களே" என்று அந்தப் பெரிய மனிதர் சொன்னார். தண்ணீர்த் தொட்டி உடைந்தது கூட அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. ஒருத்தன் முட்டாள், இன்னொருத்தன் அந்த முட்டாள்தனம் பழுத்து விழட்டும் என்று வாய் பார்த்து நின்றவன். இரண்டு பேரில் யாரை அதிகம் வெறுப்பது என்று மயிலாத்தாளுக்குப் புரியவில்லை.

அச்சைத் திரும்பக் கழற்றி மாட்ட ஒரு நாள் ஆகும். இணைச்சீரோ இன்றைக்குச் சாயங்காலம். அவள் பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

"நீ தனியாப் போய் எறங்கினா ஒறம்பரைல என்ன பேசுவாங்க? நமக்குள்ள சடவுன்னு பேசுவாங்க. பீரோவை ஆரு கொண்டுக்கிட்டு வாரது?" என்றான் அங்கப்பன். பிறகு முகம் மலர்ந்து சொன்னான்: "ரிவர்ஸைப் போட்டா முன்னாலதான போகுது? சத்தி ரோட்டைப் புடிச்சா நேரா கோபி. போயிரலாம் வா."

அந்த நேரத்தில் அவள் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். தனியாகப் போய் நின்றால் சின்னம்மா என்ன சொல்வாள் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ரிவர்ஸ் கியர் என்பது வீட்டு வாசலில் நாலு அடி பின்னால் எடுப்பதற்காக வைத்தது. அதில் கோபி வரைக்கும் போகலாம் என்று நினைக்க ஒரு அங்கப்பன் வேண்டும். இஞ்சின் ஊளையிட்டது. வண்டி நடந்தது. சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போனவர் இவர்களைத் தாண்டிப் போனார், தாண்டும்போது மரியாதைக்குத் தலையை ஆட்டினார். ஹாரன் வேறு நிற்காமல் பாடிக்கொண்டே வந்தது. சரவணம்பட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். மயிலாத்தாள், ஒன்று இதை நிறுத்துங்க, இல்லாவிட்டால் நான் குதித்துவிடுவேன் என்றதும், இறங்கி ஹாரன் வயரை வெட்டி எறிந்தான்.

கோவில்பாளையம் தாண்டியதும் அடுத்த வினை வந்தது. அவ்வளவு நேரம் விழுந்து பழகாத கியர், குலுங்கிக் குலுங்கி நழுவ ஆரம்பித்தது.

"அந்தக் கம்பியைச் சித்த அமுத்திப் புடிச்சுக்க புள்ள."

தம்பி கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டி, கனகாம்பரம் வைத்துப் புறப்பட்டவள், இரண்டு கையாலும் கியர் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அன்னூர் தாண்டினாள். கை மரத்தது. சேலையில் கிரீஸ் ஏறியது. பக்கத்தில் அவன், உயரமாக உட்கார்ந்து ஓட்டுவது எவ்வளவு வசதி என்று பேசிக்கொண்டு வந்தான். அந்தத் திருப்பூர்க்காரன் இப்போது பார்க்க வேண்டும் என்றான். மயிலாத்தாள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பேசினால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

புளியம்பட்டி தாண்டி ரேடியேட்டர் கொதித்தது. முன்னால் புகை எழும்பி, வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது. வெய்யில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆற வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், அதன் பிறகும் இதே நடைதான். அப்போது தூரத்தில் சத்தியமங்கலம் போகும் பஸ் வருவது தெரிந்தது. மயிலாத்தாள் இறங்கி ரோட்டுக்கு நடுவே போய்க் கையை நீட்டினாள்.

அங்கப்பன் ஓடிவந்தான். "என்னைய உட்டுப்போட்டுப் போறயா?"

"நேரமாச்சுங்க. அங்க கூடையைப் பிரியா தலைல வெச்சிருவாங்க."

அவன் முகம் உண்மையிலேயே வாடிப்போனது. ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு இளகியது. ஆனால் அவன் வாயைத் திறந்து கேட்டது இது:

"அப்ப கியரை ஆரு புடிக்கறது?"

இளகிய மனசு அந்தக் கணமே இறுகியது. "தோள்ல இருக்கற துண்டுல இறுக்கிக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் விசிலடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தியில் இறங்கி, கோபி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அழுகை முட்டியது. சரவணன் பிறந்த அன்றைக்கு அவளுக்கு ஆறு வயசு. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அவள். அப்பா இறந்தபோது அவன் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டது அவளைத்தான். அவன் பக்கத்தில் இன்னொருத்தி போய் உட்காரப் போகிறாள், அதுவும் எதனால்? ஒருத்தன் அரை அடி உயரமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதனால். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் என்ன சொல்வது என்று பழகிக்கொண்டே போனாள். வேலை எச்சாங்க, லோடு ஏத்தி உட்டுப்போட்டு வாராருங்க. பழைய பொய்தான். நன்றாகவே மனப்பாடம்.

கோபியில் இறங்கிக் கல்யாண மண்டபத்துக்குள் ஓடியபோது மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. மணையில் சரவணன் உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே சண்முகப்பிரியா நின்றாள், தலையில் கூடையோடு. சின்னம்மா அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் சரவணன் எழப் பார்த்தான். மேளம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். சேலையில் கிரீஸும், கலைந்த தலையும், தனியாளுமாக நின்ற மயிலாத்தாளை அந்தக் கூட்டம் ஒரு நொடி பார்த்தது. பிறகு ஆளாளுக்கு உபசாரம் தொடங்கிவிட்டது.

"வா கண்ணு, வா. உக்காரு. காப்பி குடிச்சியா?"

"எளைச்சுப் போயிட்டயே அம்மணி. வெய்யில்ல வந்தயா?"

நகரு பிரியா, கூடையைக் கொடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தலையில் வைத்த கூடையை இறக்கச் சொன்னால் சண்முகப்பிரியாவுக்கு மரியாதைக் குறைவாம். பெற்ற தாய் சுப்பாத்தாள் கூட, கையைப் பிசைந்துகொண்டு, தூணோரமாக நின்றாள்.

சின்னம்மா கேட்டாள்: "மாப்பிள்ளை எங்க கண்ணு?" கேட்டுவிட்டு, அருமைக்காரர் காதில் விழும்படி, "தனியா வந்திருக்கறா. ஏதோ சடவாட்டந் தெரியுதுங்க. அழுத மொகத்தோட வந்தவளை மணைல உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்? மாப்பிள்ளை வரட்டும், பொறவு பாக்கலாமுங்க. அதுவரைக்கும் நம்ம பிரியா..." என்று இழுத்தாள்.

அருமைக்காரர் வயசாளி. மயிலாத்தாளை நிமிர்ந்து பார்த்து, "மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டார்.

வேலை எச்சாங்க என்பது நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆமா கண்ணு, தொழிலுன்னா அப்படித்தான் என்பார்கள். காப்பியைக் கையில் கொடுப்பார்கள். கூடை சண்முகப்பிரியா தலையிலேயே இருக்கும். பன்னிரண்டு வருஷம் அவன் மானத்தைக் காப்பாற்றியாயிற்று, அதற்குக் கூலியாக இதையும் அவன் எடுத்துக்கொண்டு போகட்டுமா?

"சடவெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததை விட உரக்க வந்தது. "வண்டியை ஒசத்தறேன்னு அச்சைத் தலைகீழா மாட்டிப்போட்டாருங்க. முன்னால போற கியரு அத்தனையும் பின்னால போகுது. கணபதிலிருந்து ரிவர்ஸ் கியருல வந்துட்டிருக்கறாருங்க. கியரு நிக்காம, நாந்தான் புளியம்பட்டி வரைக்கும் புடிச்சுட்டு வந்தேன். இதுக்கு முந்தியும், நேரங்கழிச்சு வந்தப்பெல்லாம், வேலையும் கெடையாது, லோடும் கெடையாது. இதே கூத்துத்தானுங்க."

சொல்லி முடித்துவிட்டு, மண்டபம் வெடித்துச் சிரிக்கும் என்று காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. யார் முகத்திலும் ஆச்சரியம் கூட இல்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

சுப்பாத்தாள் தூணை விட்டு வந்து மகள் கையைப் பிடித்தாள். "எங்குளுக்குத் தெரியாதா கண்ணு? நீ மறைக்கறயே, கேட்டா உன்ற மனசு நோகுமேன்னு நாங்க கேக்கலை."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் வருஷத்தில் இருந்தே தெரிந்திருக்கிறது. அவள் ஒவ்வொரு தடவையும் வந்து அந்தப் பொய்யைச் சொன்னபோது, இத்தனை பேரும் உட்கார்ந்து, வெகு மரியாதையாக, ஆமா கண்ணு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மயிலாத்தாளுக்கு வெட்கம் காது வரைக்கும் ஏறியது. அங்கப்பனை நினைத்து வந்த வெட்கமில்லை. தன்னை நினைத்து வந்தது.

அந்த வெட்கமே அவளைத் தள்ளிவிட்டது. நேராகப் போய், சண்முகப்பிரியாவின் தலையில் இருந்த கூடையை இரண்டு கையாலும் தூக்கினாள். சண்முகப்பிரியா விட்டுவிட்டாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி கூடத் தெரிந்தது, பாவம், ஆத்தாக்காரி சொல்லுக்கு நின்றவள்தானே. சின்னம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அருமைக்காரர் மேளக்காரர் பக்கம் கையைக் காட்டினார், மேளம் அவள் வாயை அடைத்துவிட்டது.

கிரீஸ் படிந்த சேலையோடு மயிலாத்தாள் கூடையைச் சுமந்தாள். தம்பிக்கு இணையாக உட்கார்ந்தாள். கூறைச்சேலையின் முனையை அவன் கையில் கொடுத்தபோது, சரவணன் அவள் விரலைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினான்.

சடங்கெல்லாம் முடிந்து, இரவு கடைசிப் பந்திக்கு இலை போடும் நேரத்தில் வெளியே ஒரு ஊளைச் சத்தம் கேட்டு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அங்கப்பன் உள்ளே வந்தான். முகமெல்லாம் கரி, தோளில் துண்டு இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ரோட்டுல ஒரே கூட்டமுங்க. அதான் நேரமாயிப்போச்சு" என்றான்.

"ஆமாங்க மாப்பிள்ளை, கூட்டந்தானுங்க" என்றார் ஒருவர்.

"தை மாசமுங்களே, அப்படித்தானுங்க இருக்கும்" என்றார் இன்னொருவர்.

"வண்டி நல்ல ஒசரங்க சகல" என்றார் திருப்பூர்க்காரர்.

அங்கப்பன் முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் நம்பினான். அந்தக் குரல்களை மயிலாத்தாள் கேட்டாள். இதே குரலில், இதே இதமாக, பன்னிரண்டு வருஷம் அவளுக்கும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவளும் இதே மாதிரிதான் முகம் மலர்ந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பாள். அவன் மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பதில்களை இன்னொரு மனிதன் வாங்கிக்கொண்டு நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கூட்டமெல்லாம் இல்லீங்க" என்றாள், தம்பி பக்கத்தில் நின்றபடியே. "அச்சு தலைகீழா இருக்குது. நான் எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. இவங்களுக்கு முந்தியே தெரியுமாம். போய்க் கை கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்க."

அங்கப்பன் அவளைப் பார்த்தான். பிறகு மற்றவர்களைப் பார்த்தான், ஒவ்வொருவராக. எல்லோரும் பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெக்னிக்கலாக எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மூடினான். பிறகு கை கழுவப் போனான்.